வெல்லக்கட்டியும் மீன் தீனியும்

உங்களை அவர்கள் வெல்லம் கொடுத்தே கொன்றார்கள், அப்பா.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருக்கிறது, அது தனி. நடந்ததைத்தான் எழுதுகிறேன். இன்று காலை எறும்புச் சாரை ஒன்று சுவரேறி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் உங்கள் காக்கிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கவும் விடுவதில்லை, யாருக்காவது கொடுக்கவும் விடுவதில்லை. பைக்குள் கையை விட்டேன். பாதி தின்ற வெல்லக்கட்டி உருகித் துணியோடு ஒட்டிக் கிடந்தது. முகர்ந்தால் வெல்ல வாசமும் இரும்பு வாசமும் சேர்ந்து வந்தன. உங்கள் மேல் எப்போதும் இருந்த வாசம். நகத்தால் கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்தேன். பல்லில் நறநறத்தது. நீங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரியை விட்டு வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. பையின் தையலுக்குள் ஏறிய மணல் இன்னும் போகவில்லை.

இப்போது மீன் தொட்டிக்கு முன்னால் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மீன், சாமியார், கல்லுக்குப் பின்னால் ஒண்டியிருக்கிறது, வால் மட்டும் தெரிகிறது. நீங்கள் போனதிலிருந்து அது சரியாகத் தின்பதில்லை. நான் போடும் தீனி மிதந்து, ஊறி, அடியில் போய் அழுகுகிறது. அழுகியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதே என் வேலையாகிவிட்டது. மதியத்துக்குள் கம்பெனி மேனேஜர் வண்டியோடு வருவார். மீனைத் திருப்பிக் கேட்கிறார்கள். அம்மா போனிலேயே “சரிங்க” என்று சொல்லிவிட்டாள். கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பதில் வராது என்று தெரிந்தும் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வெல்லம் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மணல் அச்சில் ஊற்றிய இரும்பு ஆறியதும் அச்சை உடைத்து அதை வெளியே எடுப்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் கருகிய மணலைச் சுற்றும் கல்லில் வைத்துத் தேய்த்து எடுப்பது உங்கள் வேலை. தேய்க்கத் தேய்க்க மணல் புகையாகக் கிளம்பும். எதிரே நிற்பது யார் என்றே தெரியாது என்று நீங்கள் சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். ஷிப்டு முடிந்து வரும்போது வாசலில் சூப்பர்வைசர் ஒரு தட்டோடு நிற்பார். ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி. வெல்லம் தின்றால் நெஞ்சில் இருக்கிற தூசியை வழித்துக்கொண்டு போய்விடும் என்று அங்கே வேலை செய்த நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள். முதலாளி நம்பினாரா என்று தெரியாது. அவர் வெல்லம் தின்று யாரும் பார்த்ததில்லை.

நீங்கள் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பையில் போட்டு எனக்குக் கொண்டுவருவீர்கள். “அம்மணி, கைய நீட்டு.” கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவேன். தினமும் அதேதான் வரும் என்று தெரிந்தும் மூடிக்கொள்வேன். சப்பிச் சப்பித் தின்றால் கடைசியில் நாக்கில் கொஞ்சம் மண் மிஞ்சும். வெல்லம் என்றால் அப்படித்தான், உள்ளே மண் இருக்கும் என்று கல்லூரிக்குப் போகும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒருத்தி பொங்கலுக்கு வெல்லம் கொண்டுவந்தாள். அது நறநறக்கவில்லை. அதில் ஏதோ கலப்படம் என்று அவளிடம் சொன்னேன்.

உங்களுக்கு இருமல் எப்போது வந்தது என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. முதலில் வந்து வந்து போனது. பிறகு போகவில்லை. நான் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டேன். அங்கே காத்திருப்பவர்களின் இருமலை வைத்தே யார் பீடி குடிக்கிறவர், யாருக்கு வெறும் சளி, யார் பவுண்டரி என்று இப்போது என்னால் சொல்ல முடியும். பவுண்டரி இருமலில் ஈரம் இருக்காது. தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருக்கும். உங்களுடையது இரண்டு குட்டை இருமல், பிறகு ஒரு நீளம், கடைசியில் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பது மாதிரி ஒரு சின்னக் கனைப்பு. இருமும்போது கூட மரியாதையாக இருமிய மனிதர் நீங்கள் ஒருவர்தான்.

முதல் சம்பளத்தில் உங்களுக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கி வந்தேன், தூசியை உள்ளே விடாத ரகம். மறுநாள் மாலை நீங்கள் வந்ததும் சட்டைப்பையைப் பார்த்தேன். மாஸ்க் மடித்தபடி இருந்தது, வெல்லக்கட்டிக்குப் பக்கத்தில்.

“ஏனுங்கப்பா, போடலீங்களா?”

“மத்தவிய ஒருத்தரும் போடறதில்ல அம்மணி. நா மட்டும் மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னா மொதலாளி என்ன நெனைப்பாரு? என்ற கம்பெனிக் காத்து இவனுக்கு ஆகலியான்னு நெனைக்க மாட்டாரா?”

“நெனைக்கட்டுங்களே.”

“அப்படியெல்லாம் பேசாத கண்ணு. நம்மள வாங்க போங்கன்னு கூப்புடற மனுசன் அவரு.”

அதுதான், அப்பா. அந்த ஒன்றில்தான் உங்களைக் கட்டிப்போட்டார்கள். இந்த ஊரில் யாரும் அதட்டி வேலை வாங்குவதில்லை. “இந்த லோடையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க” என்பார்கள். “நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனே வந்துருங்க” என்பார்கள். மரியாதையாகக் கேட்டால் நீங்கள் நெருப்பைக் கூடக் கையில் வாங்கிக்கொள்வீர்கள். காற்று சரியில்லை என்று பேச ஒரு யூனியன்காரர் கேட்டுக்கு வந்தபோது, அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, “மொதலாளி சங்கடப்படுவாருங்க, இன்னொரு நாளைக்கு வாங்க” என்று பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். வீட்டில் அதைப் பெருமையாக வேறு சொன்னீர்கள். வாங்க போங்க என்று சொல்லியே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்பதற்கு வெளியூர்க்காரர்களுக்கு நான் சாட்சி சொல்லத் தயார். நம்ப மாட்டார்கள். கோயம்புத்தூர் ஆட்கள் எவ்வளவு மரியாதை என்றுதான் வியப்பார்கள்.

ஒருநாள் அந்தச் சுற்றும் கல்லுக்கு முன்னால் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். முதலாளி உங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னாராம். “இனி நீங்க அங்க நிக்க வேண்டாமுங்க. ஆபீஸ்ல மீன் தொட்டி இருக்குதுங்கல்ல, அதைப் பாத்துக்கிட்டு மீனுக்குத் தீனி போடுங்க, போதும்.” நம் கம்பெனி லைன் வீடுகளில் அன்று முழுக்க இதே பேச்சு. இந்தக் காலத்தில் இப்படி ஒரு முதலாளியா என்று. அம்மா கோயிலுக்குப் போய் அவர் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். உங்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்று அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது நான் சொன்னேன். “மொதல்ல திருநீறு வை” என்றாள்.

அன்று இரவுச் சோற்றின்போது நீங்கள் மீனைப் பற்றியே பேசினீர்கள். விரல் நீளம் கூட இல்லையாம். கடல் தண்ணீரில்தான் உயிர் வாழுமாம்.

“கோமாளி மீன்னு பேராமா அம்மணி. எவன் வச்சான் அந்தப் பேர? காவி ஒடம்பு, அதுல மூணு பட்டை திருநீறு. அது சாமியாரல்ல?”

அன்றிலிருந்து அது சாமியார். அதையும் நீங்கள் மரியாதையோடுதான் கூப்பிட்டீர்கள்.

அடுத்த வாரம் இன்னொரு அதிசயத்தைக் கொண்டுவந்தீர்கள். மீன் கடைக்காரன் ஒருவன் வந்து தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தானாம்.

“தண்ணியில கண்ணுக்குத் தெரியாத விஷம் ஊறுமாமா அம்மணி. பாத்தா நல்ல தண்ணியாட்டத்தான் இருக்கும். ஆனா மீனுக்கு மூச்சு முட்டிப்போகுமாமா. அதனால வாராவாரம் பாத்துப்போடணுமாமா. மொதலாளி கண்டிசனாச் சொல்லியிருக்காரு.”

“உங்க செக்சன்ல காத்த யாருங்கப்பா பாத்தாங்க?”

நீங்கள் என்னை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தீர்கள். “காத்த எப்படி அம்மணி குழாயில புடிக்கறது?”

சோற்றைத் தட்டோடு நகர்த்திவிட்டு எழுந்தேன். அம்மா, “சோத்து மேல கோவத்தக் காட்டாத” என்றாள். வேறு எதன் மேல் காட்டுவது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

ஆபீஸ் படி ஏற முடியாமல் போனதும் உங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்று சொல்லக்கூடாது. “ரெஸ்ட் எடுத்துக்குங்க” என்றார்கள். ஆபீசுக்குப் பெரிய தொட்டி ஒன்று வந்துவிட்டிருந்தது. சின்னத் தொட்டியை மீனோடு, மோட்டாரோடு, உப்பு மூட்டையோடு கம்பெனி வேனில் ஏற்றி உங்களோடு அனுப்பினார்கள். “உங்ககிட்டத்தான் பழகிக்கிச்சுங்க, நீங்களே வச்சுக்குங்க” என்று முதலாளி சொன்னதைத் தெரு முழுக்கச் சொன்னீர்கள். கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, வரிசையில் நிற்க வைத்து மீனைக் காட்டினீர்கள். நெஞ்சைக் கொடுத்துவிட்டு ஒரு மீனை வாங்கிக்கொண்டு வந்த மனிதனின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததை நான் எப்படி மறப்பது?

அதன் பிறகு இந்தச் சின்ன அறையில் நீங்கள் கடல் செய்தீர்கள். கேன் தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, உப்பைப் போட்டு, மரக்கரண்டியால் கலக்கி, விரலை விட்டு நக்கிப் பார்ப்பீர்கள். உப்பு அளக்கக் கருவி இருந்தது. ஆனாலும் நக்கிப் பார்ப்பீர்கள்.

“கடல் இப்படித்தான் கரிக்குமா அம்மணி?”

“எனக்கெங்கீங்கப்பா தெரியும்? நீங்க எங்க கூட்டிட்டுப் போனீங்க?”

“ஒடம்பு தேறட்டும். ராமேசுவரம் போலாம்.”

கொடுமுடியில் காவிரியில் குதித்து வளர்ந்தவர் நீங்கள். கடலைக் கண்ணால் பார்க்காமலே ஒவ்வொரு வாரமும் வாளிவாளியாகக் கடல் கலக்கினீர்கள். பார்க்காமலேயே போய்விட்டீர்கள்.

தீனி போடுவதற்கு நீங்கள் வைத்திருந்த முறை எனக்கு மனப்பாடம். முதலில் மோட்டாரை நிறுத்துவீர்கள், தீனி அடித்துக்கொண்டு போகாமல் இருக்க. பாட்டில் மூடியில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, அதில் ஒரு சிட்டிகை தீனியை ஊற வைப்பீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். அது அடங்கும்வரை மூடி சிந்தாமல் கையைத் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். அதற்குள் சாமியார் கல்லை விட்டு வந்து கண்ணாடி ஓரம் நின்றுகொண்டிருக்கும். “வாங்க சாமியாரே, சாப்புடுங்க.” பிடித்ததை விழுங்கும். பிடிக்காததை வாய்க்குள் வாங்கி, ஒரு நொடி வைத்திருந்து, தூவென்று துப்பும்.

“பாத்தியா அம்மணி! வேண்டாம்னாத் துப்பிப்போடுது. அதுக்கிருக்கிற திமிரப் பாரு!”

நீங்கள் ரசித்துச் சிரிப்பீர்கள், சிரிப்பு இருமலாகும். எனக்குச் சிரிப்பு வராது. கடுகளவு வாய் அதற்கு. அந்த வாய்க்குத் தெரிந்தது உங்கள் வாய்க்குத் தெரியாமல் போய்விட்டது. பழைய கூட்டாளிகள் பார்க்க வரும்போதெல்லாம் தங்கள் பங்கு வெல்லத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒன்றைக்கூட நீங்கள் மறுத்ததில்லை.

போன சித்திரையில் கரண்ட் போய், மின்விசிறி நின்று, தொட்டித் தண்ணீர் சுடத் தொடங்கியது. ஐஸ் பாட்டிலைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு, அட்டையை எடுத்து மேலே விசிறினீர்கள். உங்களுக்கே மூச்சு வாங்கியது. தோள் எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. “நா விசிறறனுங்கப்பா” என்று அட்டையைப் பிடுங்கி உங்கள் பக்கம் விசிறினேன். “எனக்கெதுக்கு? அதுக்கு விசிறு” என்றீர்கள்.

டாக்டர் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். “நெஞ்சுல மணல் படிஞ்சுபோச்சுங்க. அதைக் கழுவ முடியாது.” நீங்கள் “சரிங்க” என்றீர்கள். ஏதோ மருந்துக் கடை மூடிவிட்டது என்று சொன்னது போல. பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டீர்கள். “வெல்லம் தின்னலாமுங்களா டாக்டர்?” சர்க்கரை வியாதியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து அவர், “அளவாத் தின்னுங்க” என்றார். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள், பார்த்தாயா என்பது போல.

சாவுக்கு முதலாளி வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாலை போட்டுவிட்டு, அம்மாவிடம் கை கூப்பி, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். “தங்கமான மனுசனுங்க. இத்தன வருசத்துல ஒரு நாளு ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்லீங்க.” கூட்டம் ஆமாம் என்றது. அம்மா அழுகையிலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், இன்றும் சொல்கிறாள். எனக்கு அது புகழ்ச்சியாகக் கேட்கவில்லை. என்ன செய்தாலும் வாய் திறக்காத ஆளைத் தேர்ந்தெடுத்தோம் என்று அவரே ஒப்புக்கொண்டது போலக் கேட்டது.

உங்கள் சாம்பலைக் கொடுமுடிக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்தோம். கையில் எடுத்தபோது நறநறத்தது. எல்லார் சாம்பலும் அப்படித்தான் இருக்கும் என்று சித்தப்பா சொன்னார். இருக்கலாம். ஆனால் மணல் எரியாது, அப்பா. அதில் எது நீங்கள், எது அவர்களுடைய மணல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தே காவிரியில் விட்டேன்.

மேனேஜர் நேற்றுக் கூப்பிட்டார். முதலாளியின் பேரன் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறானாம். போன தடவை வந்தபோது ஆபீசில் அவன் கையில் தீனி வாங்கிய ஆரஞ்சு மீன் எங்கே என்று கேட்டு அழுகிறானாம். புதிதாக வாங்கிக் காட்டினால் அது இல்லை என்கிறானாம்.

அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

“அவிய குடுத்த பொருளு. அவியளே கேக்கறாங்க. இல்லீன்னு எப்படிச் சொல்றது?”

“குடுத்ததத் திரும்பக் கேக்கறது மட்டும் ஞாயமாம்மா?”

“இந்த ஊடும் அவியளதுதான். அது ஞாபகம் இருக்குதா உனக்கு?” பிறகு வேறு குரலில் சொன்னாள். “இங்கிருந்தா அது செத்துப்போகும் அம்மணி. அங்க ஏசி இருக்குது, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்குது. உங்கப்பா இருந்தா அதைத்தான் பாப்பாரு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது. உப்பு தீரப்போகிறது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. மீன் தின்பதில்லை. வைத்துக்கொண்டால் உங்கள் கையில் கடைசியாகத் தின்ற உயிர் என் கண்முன் சாகும். கொடுத்தால், உங்களைத் தின்றவர்களுக்கே அதையும் கொடுத்ததாக ஆகும். இரண்டில் எதைச் செய்தாலும் நீங்கள் இன்னொரு தடவை போகிறீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். கடைசியாக ஒருதரம் தீனி போட்டுப் பார்க்கலாம் என்று. மோட்டாரை நிறுத்தினேன். மூடியில் தீனியை ஊற வைத்தேன். நீங்கள் செய்தது போலவே எல்லாம். சொட்டுக் குழாயால் கல்லுக்குப் பக்கத்திலேயே விட்டேன். வால் கூட அசையவில்லை. “சாப்புடுங்க சாமியாரே” என்று உங்கள் மாதிரியே சொன்னேன். கெஞ்சினேன். கண்ணாடியில் தட்டினேன். தீனி மெல்ல இறங்கி மணலில் படிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, நீங்கள் செய்வதில் ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன் என்பது உறைத்தது.

இருமினேன்.

முதல் தடவை சரியாக வரவில்லை. ஈரமாக, பொய்யாக வந்தது. தொண்டையை இறுக்கிக்கொண்டு மறுபடி இருமினேன். இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் அந்தக் கனைப்பு.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஓடி வந்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல, ஸ்டூலை. ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை எழுத என்னால் முடியாது. முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “அப்படிப் பண்ணாத. சாமி, அப்படிப் பண்ணாத” என்று அடித்த கையாலேயே என் வாயைப் பொத்தினாள்.

“அம்மா, அங்க பாருங்க” என்றேன் விரலுக்கு நடுவில்.

சாமியார் கண்ணாடி ஓரம் நின்றுகொண்டிருந்தது. காவியும் மூன்று பட்டையுமாக, வாயைத் திறந்து மூடிக்கொண்டு. மூடியில் மிச்சமிருந்ததை விட்டேன். தின்றது. ஒன்றைத் துப்பியது, மற்றதையெல்லாம் தின்றது. இவ்வளவு நாளும் அது பட்டினி கிடந்தது உங்கள் இருமலுக்காக. அது அறிந்த சாப்பாட்டு மணி அதுதான். இந்த வீட்டில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது ஒரு விதத்தில் நல்லது என்று நானும் அம்மாவும் சொல்லிக்கொள்ளாமல் நினைத்திருந்தோம். நிம்மதியாகத் தூங்கவும் செய்தோம். மீன் மட்டும் அதைத் தேடிக்கொண்டிருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள். எனக்குத் தொண்டையில் அந்த இருமல் அப்படியே நின்றது. இப்போதும் நிற்கிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்தது வீடில்லை, நிலமில்லை. இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை இதை நான் எடுத்து வெளியே வைத்தால்தான் உங்கள் மீன் உயிரோடு இருக்கும்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

மேனேஜர் வெள்ளைச் சட்டையில், கையில் மூடியோடு ஒரு வாளியும் காற்றடிக்கும் சின்ன மோட்டாருமாக நின்றார். நல்ல மனிதர்தான். உங்கள் சாவுக்கு இரண்டு நாளும் இருந்தவர்.

“ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? வண்டியில ஏசி போட்டு வச்சிருக்கனுங்க. மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“மீனத் தர முடியாதுங்க” என்றேன்.

உங்கள் வாயிலிருந்து ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டிய வார்த்தை. என் வாயிலிருந்து வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள். இழுப்பதற்கா, விடாமல் இருப்பதற்கா என்று தெரியவில்லை. மேனேஜர் சிரிக்கப் பார்த்தார்.

“சின்னப் பையன் ஆசப்படறானுங்க அம்மணி. ஒரு மீனுக்குப் போய்...”

“அது சாப்புடணும்னா ஒருத்தரு இருமணுமுங்க. எங்கப்பா இருமுன மாதிரி. அப்பத்தான் மேல வரும். உங்க மொதலாளி ஊட்ல அப்படி இருமறவிய யாருங்க இருக்காங்க?”

அவருக்குப் புரியவில்லை. நான் இருமிக் காட்டினேன். அது அறையில் விழுந்ததும் சாமியார் மறுபடி கண்ணாடிக்கு வந்தது. மேனேஜர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரும் ஒருமுறை தொண்டையைச் செருமினார். தன்னையறியாமல்தான். அவருடையதும் ஈரமில்லாத சத்தம். ஆபீசுக்கு வருவதற்கு முன் அவரும் மணல் செக்சனில் இருந்தவர் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவர் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். “இங்க புள்ள என்னமோ சொல்லுதுங்க. நீங்களே பேசிருங்க” என்று போனை என் கையில் கொடுத்தார்.

“சொல்லு கண்ணு” என்றார் முதலாளி. அன்பான குரல். அந்தக் குரலுக்கு எத்தனை பேர் எத்தனை தடவை சரிங்க சொல்லியிருப்பார்கள்.

“நீங்களே நேர்ல வாங்க” என்றேன். “வந்து எங்கப்பா உக்காந்த ஸ்டூல்ல உக்காந்து, எங்கப்பா மாதிரி ஒருக்கா இருமுங்க. மீன் மேல வந்துச்சுன்னா எடுத்துக்கிட்டுப் போங்க. இல்லீன்னா, போன்லயே இருமுங்க. நா தொட்டிகிட்டப் புடிக்கறேன். உங்க மணலத்தான் முப்பது வருசம் அவரு மூச்சுல வாங்குனாரு. ஒரே ஒரு இருமல் உங்களுக்கு வருமுங்களான்னு பாக்கறேன்.”

போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். சாமியார் வாயைத் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தது. அம்மா என் கையை விடவில்லை. அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. எங்கும் இடறாத, எங்கும் அடைபடாத, நல்ல மூச்சு, அப்பா.

“இருமுங்க” என்றேன்.